வாணாம் என்று சொல்லத் தெரிந்தவர்

பெண் பார்க்கப் போகும்போதுகூடக் குடும்பத்துப் பெரியவரை விட்டுவிட்டுப் போனவர்கள் மரக்காணத்தில் உண்டு. பழைய கார் பார்க்கப் போகும்போது புக்கிங் ஆபீஸ்காரரை விட்டுவிட்டுப் போனவர்கள் இல்லை.

இத்தனைக்கும் அவர் மெக்கானிக் இல்லை, கார் தரகரும் இல்லை. உப்பு ஏற்ற லாரி பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸ் ஒன்றை உப்பளத்துச் சாலையில் நடத்திவந்தார். ஒரு மேசை, ஒரு டெலிபோன், டிரைவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் ஆபீஸ். கனத்த உடம்பு. அரைக்கை வெள்ளைச் சட்டையின் காலருக்குள் எப்போதும் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். சொந்தமாக அவரிடம் இருந்தது ஒரு பழைய மொபெட். அவர் ஏறி உட்கார்ந்தால் அது முனகும்.

"ஊருக்கெல்லாம் கார் பாத்துக் குடுக்குறீங்க. நீங்க ஒண்ணு வாங்கலையாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குத்தம் பாக்கத் தெரிஞ்சவனுக்கு எந்த வண்டியும் அமையாது டீச்சர்" என்றார்.

அவர் பேரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அண்ணனை எல்லோரும் நம்பியதற்குக் காரணம் அவருடைய ஒரு சொல்தான். வாணாம். வண்டியைப் பார்ப்பார், விற்கிறவர் முகத்துக்கு நேராகவே "வாணாம்" என்பார், காலருக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கமிஷன் வாங்கமாட்டார். திரும்பி வரும் வழியில் ஒரு டீ, கூட்டிப்போனவர் வற்புறுத்தினால் ஒரு வடை. "காசு வாங்கினா கண்ணு மங்கிடும்" என்பார்.

ஒரு விஷயம் ஊர் முழுக்கத் தெரியும். அவருடைய உயிர்ச் சிநேகிதர் ஒருவர், உப்பளம் வைத்திருந்தவர், தன் காரை விற்கப் பார்த்தார். மெட்ராஸிலிருந்து ஒரு குடும்பம் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. அண்ணன் அப்போது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். வந்த மனுஷன், ஏதோ தோன்றி, "நீங்க சொல்லுங்க சார், எடுக்கலாமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டார். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "வாணாங்க. கியர் பாக்ஸ் போயிடுச்சி" என்றார். சிநேகிதர் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருந்துகொண்டு வருஷக்கணக்கில் முகம் பார்க்கவில்லை.

"சிநேகிதனுக்காக ஒரு வார்த்தை சும்மா இருந்திருக்கலாமே" என்று என் கணவர் கேட்டதற்கு, "சிநேகிதன் வேற, சிநேகிதன் வண்டி வேற தம்பி" என்றார். இதைக் கேட்டு எங்களுக்கு அவர் மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்கானது.

எங்களுக்குக் கார் தேவைப்பட்டது சொகுசுக்காக இல்லை. எங்கள் மகள் ஜெனிக்குப் பிறந்ததிலிருந்தே கையும் காலும் விறைத்துக்கொள்ளும். நிற்கமாட்டாள், நடக்கமாட்டாள். பேச்சு குழறும். ஆனால் எல்லாம் புரியும். சிரித்தால் உடம்பெல்லாம் சிரிப்பாள். வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். சின்னப் பிள்ளையாக இருக்கும்வரை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தேன். பத்து வயதை நெருங்கியபோது என்னால் தூக்க முடியவில்லை. கூட்டத்தில் அவள் கால் யார் மேலாவது இடித்துவிடும். "இந்தப் புள்ளையத் தூக்கிக்கினு ஏம்மா பஸ்ல வர்ற?" என்று கேட்டவர்களும் உண்டு. நான் ஆரம்பப் பள்ளி டீச்சர், என் கணவர் ஒரு உப்பளத்தில் சூப்பர்வைசர். புதுக் கார் எங்களுக்கு எட்டாது. விலை குறைந்ததாக, வழியில் நிற்காததாக, ஓட்டுகிற செலவு கையைக் கடிக்காததாக ஒரு பழைய கார் கிடைத்தால் போதும்.

இரண்டாயிரத்து நாலு, மழைக்காலம் வரப்போகிற நேரம். அண்ணனிடம் போய்ச் சொன்னோம். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் எங்களோடு பேசவில்லை. ஜெனியின் பாய்க்குப் பக்கத்தில் அந்தக் கனத்த உடம்போடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா ஓனரம்மா, எந்தக் கலரு வேணும்?"

வீட்டுக்கு வருகிற யாரும் ஜெனியிடம் கேள்வி கேட்டதில்லை. என்னிடம்தான் கேட்பார்கள், "சாப்பிடறாளா, தூங்கறாளா" என்று. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குழறிக் குழறி, "வெள்ளை" என்றாள்.

"வெள்ளையா? நல்ல கலரு. உப்பு கலரு. அழுக்குப் பட்டா தெரியும். யாரும் நம்மள ஏமாத்த முடியாது" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து அவள் அவருக்கு ஓனரம்மா. அவர் அவளுக்கு மாமா.

அவர் எங்களுக்குச் சொன்ன விதிகள் இப்போதும் மனப்பாடம். "வாங்குற விலை ஒரு நாள் வலி, ஓட்டுற செலவு தெனம் வலி. அதனால டீசல் வண்டி பாப்போம்." "பார்ட்ஸ் திண்டிவனத்துல கிடைக்கணும். மெட்ராஸுக்குப் போனாதான் கிடைக்கும்னா அது வாணாம்." "நம்ம ஊரு மெக்கானிக்குக் கை பழகின வண்டியா இருக்கணும்." "ரெண்டு ஓனர் வரைக்கும் பாக்கலாம். மூணாவது ஓனர்னா அது குடும்பம் இல்ல, சத்திரம்." இதையெல்லாம் சொல்லிவிட்டு ஜெனியை அணைத்துத் தூக்கிப் பார்த்தார். அவள் தலை எந்த உயரத்துக்கு வருகிறது, கால் எவ்வளவு நீளம் விறைக்கிறது என்று தன் கைக்குட்டையை நீட்டி அளந்துகொண்டார். "கதவு அகலமாத் தொறக்கணும். தலை இடிக்கக் கூடாது. அதுதான் மொதல் விதி" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபியோடு வந்தேன்.

வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் ஜெனியையும் கூட்டிவரச் சொல்வார். "ஓனர் பாக்காம எப்பிடி?" முதலில் தூரத்தில் நின்று வண்டியைப் பார்ப்பார். அப்புறம் கதவைத் திறந்து சாத்துவார், காதைச் சாய்த்துக்கொண்டு. பானெட்டைத் திறப்பார். கடைசியாக டிரைவர் சீட்டுக்குக் கீழே கால் மிதிக்கிற ரப்பர் மேட்டைத் தூக்கி, தகரத்தில் விரலைத் தேய்த்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். முதல் முறை எங்களுக்குக் குமட்டியது.

"உப்பு இருக்குதான்னு பாக்குறேன் தம்பி. நம்ம ஊரு காத்து இரும்பத் தின்னுடும். மேல பெயிண்ட் அடிச்சி மறச்சிடுவானுங்க. அடியில மறைக்க முடியாது. நாக்குக்குத் தெரிஞ்சிடும்."

ஜெனிக்கு இது பெரிய வேடிக்கை. அவர் குனிந்தவுடனே இவளும் நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருப்பாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்து நாக்கை நீட்டுவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு சேர்ந்து சொல்வார்கள்: "வாணாம்!"

கிளியனூரில் ஒரு ரைஸ்மில்காரர் வண்டி. பார்க்கக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. வாணாம். கோட்டக்குப்பத்தில் ஒன்று, விலை எங்களுக்குக் கட்டுப்படியானது. வாணாம். பொம்மையார்பாளையத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் வைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு என் கணவர் அண்ணனிடம் கெஞ்சவே செய்தார். "சின்னத் துருதானே அண்ணே, பாத்துக்கலாமே."

"தம்பி, உள்ள உக்காரப் போறது யாரு?" என்று கேட்டார் அண்ணன். "ஏதாச்சும் ஒண்ணுன்னா நீ குதிச்சிடுவ, டீச்சர் குதிச்சிடுவாங்க. ஓனரம்மா குதிக்குமா? வாணாம்."

இப்படிச் சொன்ன ஒருவரை நம்பாமல் எப்படி இருப்பது?

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. கார் நினைப்பெல்லாம் போய்விட்டது. எங்கள் பள்ளிக்கூடம் முகாமாக மாறியது. நான் பாடம் நடத்துகிற வகுப்பறையில் பாய் விரித்து இருபது குடும்பங்கள் படுத்திருந்தன. அதில் ஒன்று அண்ணனின் மகள் குடும்பம். கூனிமேட்டுக்கு அந்தப் பக்கம் கடலோரமாக வாழ்க்கைப்பட்டிருந்தாள். கைக்குழந்தையோடு வந்திருந்தாள். உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் வீடு இல்லை. அண்ணனின் வீடு ஒற்றை அறை. மகள் முகாமிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஜெனியின் பழைய துணிகளை எடுத்துக்கொண்டு போய் அந்தக் குழந்தைக்குக் கொடுத்தேன்.

"வீட்டுக்காரர் கார் ஓட்டிக்கினு இருந்தாரேம்மா?" என்று கேட்டேன்.

"வண்டி போயிடுச்சிக்கா" என்றாள்.

போய்விட்டது என்றால் கடலோடு போய்விட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் அந்த மாதங்களில் ஓய்வே இல்லாமல் திரிந்தார். நிவாரண அரிசிக்கு லாரி ஏற்பாடு செய்தது அவர்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஆளே பாதியாகிவிட்டார். அப்போதும் பள்ளிக்கூடத்துக்கு வரும்போது "ஓனரம்மா எப்பிடி இருக்குது?" என்று கேட்காமல் போனதில்லை.

கோடை முடிகிற சமயம், உப்பு வாரிக் குவித்துக்கொண்டிருந்த நாள்கள். ஒரு சாயங்காலம் வாசலில் மொபெட் வந்து நின்றது. அண்ணன் உள்ளே வரவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"டீச்சர், திண்டிவனத்துல ஒரு டீசல் வண்டி வந்திருக்குது. வெள்ளை."

நாங்கள் தேடச் சொல்லித்தான் அதுவரை வண்டி பார்த்திருக்கிறார். அவராக வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே ஜெனியைத் தூக்கிக்கொண்டு போனோம்.

திண்டிவனத்தில் ஒரு தரகரின் கொட்டகையில் வண்டி நின்றது. புது சீட் கவர், புது மேட். கதவு அகலமாகத் திறந்தது. அண்ணன் தூரத்தில் நின்று பார்த்தார். கதவைச் சாத்திக் கேட்டார். பானெட்டைத் திறந்தார். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. நான் ஜெனியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் டிரைவர் சீட்டுப் பக்கம் போனதும் இவள் நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தாள்.

அவர் குனியவில்லை. கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் வந்தார். ஜெனி நாக்கை நீட்டியபடியே அவரைப் பார்த்தாள். அவர் அவள் தலையைத் தடவினார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடுத்துக்கோங்க" என்றார்.

இவ்வளவு நாளாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே காத்திருந்தோம்! என் கணவர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அண்ணனே தரகரோடு பேசி விலையையும் குறைத்துக் கொடுத்தார், பேப்பர் மாற்றுகிற வேலையையும் தானே பார்த்துக்கொண்டார். என்னுடைய நகையில் தாலி தவிர மற்றதெல்லாம் அந்த வண்டியில் போனது. நான் வருத்தப்படவில்லை. கிளம்பும்போது என் கணவரிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "தம்பி, எந்த வேலைன்னாலும் திண்டிவனத்துக்கே எடுத்தாந்துடு. நம்ம ஊர்ல காட்டாத. இந்த வண்டி இவனுங்களுக்குத்தான் கை பழகினது." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம்.

ஆரம்பத்தில் அந்தக் கார் எங்களுக்கு என்னவெல்லாம் தந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெனி ஜன்னலோரம் உட்கார்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதையும் பார்த்தாள். பஸ்ஸில் போனபோது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மனிதர்களின் இடுப்புதான். பயிற்சி ஒரு நாளும் தவறவில்லை. அலுப்பில்லாமல் போனதால் உடம்பு இளகியது. ஒரு நாள் யாரும் பிடிக்காமல், கையை ஊன்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் தானாக உட்கார்ந்தாள். பயிற்சி கொடுக்கிற அம்மா கைதட்டினார். அன்றைக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு நேரே புக்கிங் ஆபீஸுக்குத்தான் போனோம். அண்ணன் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி, வைத்துவிட்டுப் போகச் சொன்னார். போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.

மழைக்காலம் வந்ததும் வண்டி சேட்டை செய்யத் தொடங்கியது. யாரும் தொடாமலே வைப்பர் ஆடும். ஹாரன் தானாக அடிக்கும். விளக்கு மங்கும், மறுபடி எரியும். ஜெனி விழுந்து விழுந்து சிரிப்பாள். என் கணவர் அண்ணனிடம் போய்ச் சொன்னார். "பழைய வண்டின்னா நாலு சேட்டை இருக்கும்பா" என்று சொல்லிவிட்டு லாரிக்காரரோடு பேசப் போய்விட்டாராம். வீட்டுக்கு வருவது நின்றுபோனது. ஜெனி அவரைக் கேட்பாள். "மாமாவுக்கு வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவைத்தேன்.

பொங்கல் கழிந்திருந்த நேரம். புதுச்சேரியிலிருந்து பகல் வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். கூனிமேடு வந்ததும் பிளாஸ்டிக் கருகுகிற வாடை அடித்தது. என் கணவர் ஓரம் கட்டினார். அதற்குள் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கறுப்புப் புகை வந்துவிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். நான்கு கதவும் தானாகப் பூட்டிக்கொண்டன. அவர் தன் கதவை எப்படியோ நெம்பித் திறந்து வெளியே விழுந்தார். பின் கதவு திறக்கவில்லை.

ஜெனியை முன்சீட்டு வழியாகத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தேன். பயந்தால் அவள் உடம்பு கட்டை மாதிரி விறைத்துவிடும். கால் மடங்கவில்லை, கை மடங்கவில்லை. அவளை வளைக்க முடியாமல், புகையில் கண் தெரியாமல், அவள் மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டேன்.

"யா அல்லாஹ்! புள்ள உள்ள இருக்குது, கண்ணாடிய ஒடைங்கடா!" என்று ஒரு குரல் கேட்டது. டீக்கடையிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்த ஒரு பெரியவர். கல்லால் கண்ணாடியை உடைத்து, உடைந்த விளிம்பில் தன் துண்டைப் போட்டு, அவரும் இன்னொருவரும் ஜெனியை வெளியே இழுத்தார்கள். துண்டு போதவில்லை. அவள் முதுகு கிழிந்தது. அடுத்து என்னை இழுத்தார்கள். ஊரே தண்ணீரும் மண்ணுமாகக் கொண்டுவந்து கொட்டி அணைத்தது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வார்டு வாசலில் நின்றார். குப்புறப் படுக்கவைத்திருந்த ஜெனியின் முதுகில் போட்டிருந்த காயக்கட்டைப் பார்த்தார். நின்றபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். என் கணவர் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இன்னாண்ணே பண்ணுவீங்க? எங்க நேரம். அழாதீங்கண்ணே." நானும்தான் தேற்றினேன். உட்காரவைத்து, எங்கள் ஃபிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன்.

வண்டியை மரக்காணத்துக்கு இழுத்துவந்து எங்கள் ஊர் மெக்கானிக் பட்டறையில் விட்டிருந்தார்கள். சில நாள் கழித்து அவர் எங்களை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டிருந்தார். தரையில் ஒட்டியிருந்த விரிப்பைக் கிழித்து எடுத்திருந்தார். அதற்கடியில் இறுகிப்போன சேறு. அதில் பொடிப் பொடியாகக் கிளிஞ்சல்.

"டீச்சர், இது கடல் தண்ணியில முங்கின வண்டி. வயரெல்லாம் பச்சை பூத்து அரிச்சிக் கெடக்குது. எரியாம இன்னா பண்ணும்?"

"திண்டிவனத்து வண்டிங்களே" என்றார் என் கணவர்.

மெக்கானிக் பின்பக்கம் போய் பம்பருக்கு அடியிலிருந்த ஒரு கொக்கியைத் தொட்டுக் காட்டினார். "இந்த வெல்டிங் நான் வெச்சது. இது அண்ணனோட மருமகன் வண்டிங்க. உங்களுக்குத் தெரிஞ்சிதான் எடுத்தீங்கன்னு நெனச்சேன்."

என் கணவர் அப்படியே பட்டறை மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. திண்டிவனத்துக் கொட்டகையில் ஜெனி நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்ததுதான் கண்முன் வந்தது. வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைக்குக்கூட அன்றைக்கு என்ன விட்டுப்போனது என்று தெரிந்திருக்கிறது.

அங்கிருந்து நேரே புக்கிங் ஆபீஸுக்குப் போனேன். பெஞ்சில் இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அண்ணன் அன்றைக்கு டெலிபோனை எடுக்கவில்லை.

"அது உங்க மருமகன் வண்டியாண்ணே?"

"ஆமா டீச்சர்."

"கடல் தண்ணியில கெடந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் கவுறு கட்டி இழுத்தேன்."

ஒரு பொய்யாவது சொல்வார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். தரகன் ஏமாற்றிவிட்டான், எனக்குத் தெரியாது, என்று ஏதாவது. சொல்லியிருந்தால் பாதி நம்பியிருப்பேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

"பொண்ணு கைக்கொழந்தையோட உங்க ஸ்கூல்லதான் கெடந்தா, நீங்களே பாத்தீங்க. மருமகன் வெளிநாட்டுக்குப் போயிட்டா பொழச்சிக்கலாம்னு இருந்திச்சி. கையில அந்த வண்டிய விட்டா ஒண்ணுமில்ல. எங்க கொண்டு போனாலும் மேட்டத் தூக்கிப் பாத்துட்டு வாணாம்னு போயிட்டானுங்க. நல்லாக் கழுவி, காய வெச்சி, வயரெல்லாம் தொடச்சிதான் டீச்சர் குடுத்தேன். ரெண்டு வருஷமாச்சும் ஓடும்னு நெனச்சேன். ஓனரம்மா உள்ள இருக்கும்போது இப்பிடி..."

"அந்தப் பேரச் சொல்லாதீங்க" என்றேன்.

அவர் நிறுத்திக்கொண்டார்.

"இவ்ளோ பெரிய ஊர்ல எங்கள விட்டா வேற ஆள் கெடைக்கலியாண்ணே? என் பொண்ணுக்குன்னு தெரிஞ்சும் எங்க தலையிலதான் கட்டணுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துத்தான் சொன்னார்.

"வேற ஆளுங்கன்னா இன்னொருத்தன் கிட்டயும் ஒரு வார்த்தை கேப்பாங்க டீச்சர். நீங்க என்னைத் தவிர யாரையும் கேக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும்."

நான் திட்டவில்லை, சபிக்கவில்லை. அதற்கெல்லாம் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். வெளியே வந்து வெயிலில் நடந்தேன். வீடு வரும்வரை செருப்பைப் பட்டறையிலேயே விட்டுவந்தது தெரியவில்லை.

வண்டி பழைய இரும்புக்குப் போனது. முதுகுக் காயம் ஆறும்வரை ஜெனிக்குப் பயிற்சி இல்லை. அந்த இடைவெளியில் இடுப்பு இறுகிவிட்டது. கையை ஊன்றித் தானாக உட்கார்ந்தாளே, அது திரும்ப வரவேயில்லை. "கொஞ்சம் முன்னேற்றம் கிடைச்சது, விட்டுட்டோம்" என்றார் பயிற்சி கொடுக்கிற அம்மா. யாரையும் குறை சொல்லாத குரலில்தான் சொன்னார்.

வெளியில் சொல்ல வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் என் கணவர் கேட்டுக்கொண்டார். "சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தப் பொண்ணு புருஷன் அங்க போயிட்டான், இவ தனியா இருக்குறா." அதனால் ஊர் பழையபடியே அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனது. அவரும் பழையபடியே "வாணாம்" சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஒரு டீச்சர், பழைய கார் ஒன்று பார்க்கிறோம், அவரைக் கூட்டிப்போகலாமா என்று என்னிடம் கேட்டார். "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குத் தெரியாத குத்தமே கிடையாது. எதுக்கும் இன்னொருத்தர் கிட்டயும் காட்டுங்க" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெனியிடமும் சொல்லவில்லை. அவளுக்கு இருந்த வெளி மனுஷர் அவர் ஒருவர்தான். அதை எப்படிச் சொல்வது? மாமா ஏன் வரவில்லை என்று கேட்பாள். வெளியூர் போயிருக்கிறார் என்றேன்.

மறுபடியும் பஸ்தான். தீக்குப் பிறகு தெருவில் எந்தக் காரைப் பார்த்தாலும் அவள் உடம்பு விறைத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் உப்பு ஓய்ந்து முதல் மழை பெய்திருந்த ஒரு காலை. மரக்காணம் நிறுத்தத்தில் ஜெனியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தேன். பஸ் தூரத்தில் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு கார் வந்து எங்கள் அருகே நின்றது. யாரிடமோ இரவல் வாங்கியிருக்க வேண்டும், டிரைவரும் இருந்தார். அண்ணன் இறங்கி வந்து பின் கதவை அகலமாகத் திறந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"ஏறுங்க டீச்சர். பாண்டில விட்டுட்டு வந்துடறேன். இது நல்ல வண்டி. யார வேணா கேட்டுப் பாருங்க."

என் தோளில் ஜெனி அசைந்தாள். அந்தக் காரைப் பார்த்து அவள் விறைக்கவில்லை. அவரைப் பார்த்துவிட்டிருந்தாள். இத்தனை மாதமாகச் சிரிக்காத சிரிப்பை உடம்பெல்லாம் சிரித்துக்கொண்டு, வளையாத இரண்டு கையையும் அவர் பக்கம் நீட்டினாள்.

"ம்மாமா!"

அவர் ஓரடி முன்னால் வந்தார். பஸ் வந்து நின்றது. நான் அவளை இறுக்கிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

ஜெனி அலறினாள். என் கழுத்தைத் தள்ளி, பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துத் திமிறினாள். அண்ணன் திறந்த கதவைப் பிடித்தபடியே சாலையோரம் நின்றார். அவர் மறைந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. கூனிமேடு தாண்டும்வரை அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள்.

பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அவள் பேச்சு புரியவில்லை. பிள்ளை வலி தாங்காமல் அழுகிறது என்று நினைத்துக்கொண்டு, எழுந்து எங்களுக்கு உட்கார இடம் கொடுத்தார்கள்.